பதிமூன்றாவது இறகு

கமாவுக்கு வலித்த பல்லின் எண் நாற்பத்தாறு.

மனிதர்களுக்கு முப்பத்திரண்டோடு பல் முடிந்துவிடும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தனக்கு மட்டும் எப்படி நாற்பத்தாறாவது வலிக்கிறது என்று கமா கேட்க நினைத்தான். ஆனால் வாய்க்குள் ஒரு கண்ணாடியும் ஒரு கொக்கியும் டாக்டரின் இரண்டு விரல்களும் இருந்தன. "ஆ" என்று மட்டும் கேட்டான்.

"பதினொண்ணு ஓகே. பன்னண்டு ஓகே. பதிமூணு ஓகே." டாக்டர் மேல்வரிசையை ஏலம் விடுகிற குரலில் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற சிஸ்டர் ஒவ்வொன்றாக அட்டையில் குறித்தாள். மேலே முடித்துக் கீழே இறங்கினார்கள். "முப்பத்தாறு மிஸ்ஸிங்."

சிஸ்டர் அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். காலேஜ் ஹாஸ்டல் பாத்ரூமில் சோப்புக்கட்டியை மிதித்த ஒரு நாளின் நினைவுச்சின்னம் அந்தப் பெருக்கல் குறி.

"நாப்பத்தாறு ஆழமான சொத்தை. எக்ஸ்ரே எடுத்துருங்க. சாயங்காலம் நாலரைக்கு வந்தா வேரைச் சுத்தம் பண்ணிடலாம்."

விரல்கள் வெளியேறியதும் கமா கேட்டான். "டாக்டர், என்கிட்ட மொத்தமே முப்பத்தொண்ணுதான் இருக்கு. நாப்பத்தாறு யாரோடது?"

"வாயை நாலு பங்காப் பிரிச்சு நம்பர் போடுவோம் தம்பி. மேல வலது பத்து வரிசை, மேல இடது இருபது, கீழ முப்பது, நாப்பது. உலகம் பூரா இதே நம்பர்தான்."

"அப்ப ஒண்ணு ரெண்டு மூணுன்னு யாருக்குமே பல் கிடையாதா?"

டாக்டர் சிரித்தார். பளீரென்ற சிரிப்பு. அதைப் பார்த்ததும் தன் வாயைக் கமா மூடிக்கொண்டான்.

சிஸ்டர் விடவில்லை. ஒரு வளையத்தில் கோத்த பொய்ப்பற்களை எடுத்துவந்து அவன் பல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். வெள்ளையில் ஆரம்பித்து, படிப்படியாக மஞ்சளாகி, கடைசியில் டீக்கறையில் முடிகிற பற்கள். "முப்பத்தாறுல புதுப் பல் கட்டறதா இருந்தா கலர் ஏ-மூணு," என்றாள்.

"மார்க்கா?"

"மஞ்சள்."

எக்ஸ்ரே அறை ஓர் அலமாரி அகலம்தான் இருந்தது. மேல்தட்டில் ஈயம் வைத்துத் தைத்த கனத்த ஏப்ரன் ஒன்று எதையோ போர்த்திக்கொண்டு குந்தியிருந்தது. "எக்ஸ்ரே எடுக்கும்போது அதைத்தானே ஆளுக்குப் போடுவாங்க?" என்று கமா கேட்டான். "அதை எடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒரு படம்தானே, ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் மட்டும் அறையைவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அன்றைய தினம் அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளின் பட்டியலில் கமா அதையும் சேர்த்துக்கொண்டான்.

இத்தனைக்கும் அவன் பல்லுக்காக வந்தவனே இல்லை. பல்லைச் சாக்காக வைத்து வந்தவன். வந்த இடத்தில் பல் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது அவனுடைய ராசி.

வெளியே ஹாலில் அண்ணி ஒரு மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். அண்ணி என்றால் கமாவின் சொந்த அண்ணனைக் கட்டியவள். பத்தொன்பது வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். அச்சகம் மூடியதும் மனிதர்களிடம் பிழை பார்க்கத் தொடங்கினாள். 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு எழுதச் சொன்னாள். எழுதியவர் ஒரு 'ப்'பை முழுங்கியிருந்தார். திருப்பி அனுப்பினாள். இரண்டு வருஷமாக அந்த 'ப்' வரவில்லை, போர்டும் வரவில்லை. கொழுந்தனுக்குக் கமா என்று பெயர் வைத்ததும் அவள்தான். அடுத்தவர் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் நுழைந்துவிடுவான். அவனுடைய நிஜப் பெயரை வாக்காளர் பட்டியலில் பார்க்கலாம், அங்கேயும் எழுத்துப்பிழை.

அந்த மோட்டார் சைக்கிள்தான் வழக்கு.

நாரை 250. கம்பெனியை மூடி நாற்பது வருஷம். பெட்ரோல் டேங்கின் இரண்டு பக்கமும் சிறகை விரித்த நாரைப் படம். டாக்டர் இதை எட்டு மாதம் முன்பு 'பெட்ரோல்' என்கிற மெக்கானிக்கிடம் புதுப்பிக்கக் கொடுத்தார். என்ஜின், சேஸிஸ், வயர், ஸ்போக் எல்லாவற்றிலும் கை வைக்கலாம். டேங்கில் மட்டும் வைக்கக்கூடாது என்பது கட்டளை. அதில் இருப்பது கம்பெனி அடித்த பெயிண்ட், கம்பெனி ஒட்டிய நாரை. டேங்கைப் போர்வையில் சுற்றிக் கட்டி அவரே கொண்டுவந்து கொடுத்தார். பெட்ரோல் சொன்ன சொல் தவறாத மனிதர். முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே பரணில் வைத்து, கடைசி நாள்தான் எடுத்து மாட்டினார்.

டெலிவரி எடுத்த அன்றே டாக்டர் நாரையின் ஓரத்தில் நகத்தை வைத்தார். தட்டியது. பழைய காலத்துப் படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, வழுக்கி ஒட்டி, மேலே வார்னிஷ் அடிப்பார்கள், நகத்துக்குத் தட்டாது. தட்டுகிறது என்றால் அது நேற்றுப் பிறந்த ஸ்டிக்கர். தன் ஒரிஜினல் டேங்கைப் பெட்ரோல் சுட்டுவிட்டு, வேறு ஏதோ டேங்குக்குப் பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி மாட்டிவிட்டதாக டாக்டர் புகார் எழுதினார். எழுதிய கையோடு பெரிய மனசு பண்ணி ஒரு வழியும் சொன்னார். பெட்ரோலிடம் சொந்தமாக ஒரு நாரை 250 இருக்கிறது. பதினாறு வருஷம் ஒவ்வொரு திருகாகத் தேடிச் சேர்த்து ஓடவைத்தது. அதை ஈடாக எழுதிக்கொடுத்தால் புகார் வாபஸ். கெடு, இன்று மாலை ஐந்து மணி. கையெழுத்து இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் திருட்டு வழக்குப் பதிவார். அதற்குப் பிறகு பெட்ரோலின் ஷெட்டுக்குள் யார் வண்டியை விடுவார்கள்? அதனால்தான் பெட்ரோல் அண்ணியைத் தேடி வந்திருந்தார்.

"தம்பி, அந்த நாரையை எண்ணிப் பாருங்க," என்றாள் அண்ணி.

"ஒண்ணுதான் அண்ணி."

"இறகை."

கமா தாடையைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். இடது பக்க நாரைக்கு ஐந்து இறகு. வலது பக்கம் போய் எண்ணினான். நாலு. மூன்றாவது இருக்க வேண்டிய இடம் காலி.

அண்ணி சுவரைக் காட்டினாள். சட்டம் போட்ட பழைய ஃபோட்டோ. இளம் வயது டாக்டர், இதே வண்டி, வலது பக்கத்திலிருந்து எடுத்தது. அதிலும் மூன்றாவது இறகு இல்லை.

"அது இடுப்புச் சாவிக்கொத்து உரசி உரசிப் போயிடுச்சாம். டாக்டரே சொன்னார். ஒரிஜினல்ல தேய்ஞ்சது, ஸ்டிக்கர்ல ஏன் தேய்ஞ்சிருக்கு?"

"ஸ்டிக்கருக்கு ஏது சாவிக்கொத்து."

"மூலத்துல இருந்த பிழையையும் சேர்த்தே அச்சடிச்சிருக்காங்க. யாரோ ஒரிஜினல் டேங்கைப் பக்கத்துல வெச்சு, மேல பேப்பர் போட்டு அச்சு எடுத்திருக்காங்க. அந்தப் பேப்பர் எந்தக் கடைக்குப் போச்சோ, அந்தக் கடைக்கு நாமளும் போறோம்."

"ஒரிஜினல் டேங்க் பெட்ரோல் அண்ணன்கிட்டதானே எட்டு மாசம் இருந்துச்சு?"

"போர்வைக்குள்ள இருந்தது ஒரிஜினல்தான்னு போர்வையா சொல்லுச்சு?"

*

ஸ்கூட்டரில் அண்ணி பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேகத்தடையும் கமாவின் நாற்பத்தாறில் ஏறி இறங்கியது.

முதல் ஸ்டிக்கர் கடை மூடியிருந்தது. போர்டில் இருந்த நம்பருக்கு ஃபோன் போட்டார்கள். ஷட்டருக்குள்ளிருந்து மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டாவது கடைக்காரர், கமா செல்ஃபோனில் எடுத்துவந்திருந்த நாரை ஃபோட்டோவைப் பார்த்து, "கொக்கு நல்லா இருக்கே, எத்தனை வேணும்?" என்றார். இல்லை, இதை நீங்கள் செய்தீர்களா என்று அண்ணி கேட்டாள். "செஞ்சுடலாம்," என்றார் அவர். ஏற்கனவே செய்தீர்களா என்று கேட்டாள். "நாளைக்குள்ள செஞ்சுடலாம்," என்றார். இறந்தகாலம் என்ற ஒன்றே இல்லாத அந்த மனிதரிடம் இருபது நிமிஷம் போனது.

மூன்றாவது கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கமா வாட்சைப் பார்த்தான். பன்னிரண்டே முக்கால்.

"என் வேலை இல்லைங்க," என்றார் கடைசியில்.

"எப்படி அவ்ளோ நிச்சயமா சொல்றீங்க?"

"நல்லா இருக்கு."

பதினைந்து நிமிஷ ஆராய்ச்சிக்கு இரண்டு வார்த்தை முடிவு. ஆனால் அவர் ஒரு வழி சொன்னார். இப்படி மயிரிழை பிசகாமல் காப்பி அடிக்கிற ஆள் ஒருவன்தான் இருக்கிறான், 'ஜெராக்ஸ்' என்று பெயர், சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருப்பான்.

அந்தத் தெருவில் மூன்று சலவைக் கடைகள் இருந்தன. மூன்றாவதுதான் சரியான கடை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அன்றைய நாள் அப்படிப்பட்டது.

"அண்ணி, எல்லா விஷயமும் ஏன் கடைசி இடத்துலயே கிடைக்குது?"

"கிடைச்ச பிறகும் யாராவது தேடுவாங்களா தம்பி. படி ஏறுங்க."

*

ஜெராக்ஸ் ஒல்லியான மனிதர். மூக்கு நுனியில் கண்ணாடி, விரல் நுனியெல்லாம் பசை. ஃபோட்டோவைப் பார்த்ததும் அவர் முகம், தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்ட முகமானது.

"இது என் நாரை."

கமா சுவரில் சாய்ந்தான். ஆறு மணி நேரத்தில் முதல்முறையாக ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தது.

"வலது பக்கம் ஒரு இறகு இல்லையே, கவனிக்கலையா?" என்று அண்ணி கேட்டாள்.

ஜெராக்ஸுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "கவனிக்காம இருப்பேனாம்மா? வந்த பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு. இருக்கறதைத்தான் வெட்டுவேன். ஒரு இறகு நானா சேர்த்தா அப்புறம் அது காப்பியா, கற்பனையா? ஒரு தடவை ஒருத்தர் கொடுத்த பேப்பர்ல ஈ உட்கார்ந்து நசுங்கியிருந்துச்சு. அந்த ஈயையும் வெட்டிக் கொடுத்தேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"திட்டினார். ஆனா கால் எண்ணிக்கை சரியா இருந்துச்சு."

அண்ணியின் கண்களில் ஒரு மரியாதை வந்துபோனது. அச்சகத்தில் இப்படி ஓர் அச்சுக்கோப்பவர் இருந்திருந்தால் அவளுக்குப் பத்தொன்பது வருஷமும் வேலையே இருந்திருக்காது.

"இந்த நாரையை யார் ஆர்டர் கொடுத்தாங்க?"

"பெட்ரோல் ஷெட்டுல இருந்து."

வெட்டுகிற மெஷின் மட்டும் கீச்சுக் கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றான் கமா.

"பெட்ரோல். பழைய வண்டியெல்லாம் பண்ணுவாரே மெக்கானிக், அவர். கவர்ல போட்டு அனுப்பியிருந்தார். மேல 'பெட்ரோல் ஷெட்'னு எழுதியிருந்துச்சு. டெலிவரிக்காரர் ஒருத்தர் கொண்டு வந்தார், அவரே ரெண்டு வாரம் கழிச்சு வந்து வாங்கிட்டுப் போனார். தேதியெல்லாம் கேக்காதீங்க, கம்ப்யூட்டரை ஃபார்மேட் அடிச்சாச்சு."

கமா வெளிப்படிக்கு வந்து உட்கார்ந்தான். தலைக்கு மேல் வெயில், தாடைக்குள் சுத்தியல். கட்சிக்காரனைக் காப்பாற்ற நாள் முழுக்க அலைந்து, கட்சிக்காரனுக்கு எதிராகவே ஒரு முதல் தரமான சாட்சியைக் கண்டுபிடித்தாயிற்று. இதை இன்ஸ்பெக்டரே செய்திருந்தால் அவருக்கு மெடல் கொடுத்திருப்பார்கள். அவன் பெட்ரோலுக்கு ஃபோன் போட்டான்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. நாரை ஸ்டிக்கர் எங்கேயாவது வெட்டக் கொடுத்தீங்களா?"

"என் வண்டிக்கா தம்பி? அதுல கம்பெனி நாரையே நல்லாத்தானே இருக்கு."

"டாக்டர் வண்டிக்கு."

பெட்ரோல் பேசினார். குரலில் கோபம்கூட இல்லை. "நீங்களும் கேக்க ஆரம்பிச்சுட்டீங்களா. விடுங்க தம்பி. வண்டியைத் துடைச்சு வெளிய எடுத்து நிறுத்திட்டேன். அஞ்சு மணிக்கு டாக்டர் கிளினிக்ல வெச்சுக் கையெழுத்து. வீட்டுக்காரி காலையில இருந்து என்கூடப் பேசல. போர்வையை ஒரு தடவை அவுத்துப் பார்த்திருக்கக்கூடாதான்னு மட்டும் கேட்டா. தொடாதேன்னு சொன்னாங்க, தொடல. அதான் நான் பண்ண தப்பு."

ஃபோனை வைத்துவிட்டுக் கமா உள்ளே போனான். "அண்ணி, அவர் இல்லைங்கறார்."

"எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க."

"அதான் நானும் சொல்றேன். ஆனா அவர் சொன்னது…" வாக்கியத்தை முடிக்க வலி விடவில்லை.

அண்ணி அவனைக் கவனிக்கவில்லை. ஜெராக்ஸைப் பார்த்து, "கம்ப்யூட்டர் போகட்டும். கவர்ல வந்த பேப்பர் எங்க?" என்றாள்.

ஜெராக்ஸ் ஜன்னலைக் காட்டினார். மேற்கு வெயில் உள்ளே வராமல் இருக்க, கண்ணாடியின்மேல் பேப்பர்களை ஒட்டியிருந்தார். மெல்லிய, எண்ணெய்த்தாள் போன்ற காகிதங்கள். நடுவில் இரண்டு நாரைகள். பின்னாலிருந்து வெயில் அடிக்க, பென்சில் கோடுகள் ஒவ்வொன்றும் நரம்பு மாதிரித் தெரிந்தன.

"சாதாரணமா சும்மா கோடு மட்டும் போட்டுக் கொடுப்பாங்க," என்றார் ஜெராக்ஸ். "இதுல ஒவ்வொரு இறகுக்கும் கலர் தனித்தனியாக் குறிச்சிருந்துச்சு. பழைய படம்னா பிறக்கும்போது வெள்ளை, வார்னிஷ் மஞ்சளாக மஞ்சளாக ஒவ்வொரு இடம் ஒவ்வொரு மாதிரி ஆகும். புதுசா வெள்ளையில வெட்டினா பொய்ப்பல் மாதிரி தனியாத் தெரியும். பழசாத் தெரியணும்னா இறகுக்கு இறகு மஞ்சள் கலக்கணும். யாரோ விவரமானவங்கதான் குறிச்சிருக்காங்க. ஆனா அந்தக் கலர் நம்பர் எந்தப் பெயிண்ட் கடை அட்டையிலயும் இல்ல. கண்ணாலயே பார்த்துக் கலந்தேன்."

அண்ணி ஜன்னலுக்கு மிக அருகில் போனாள். மூக்கு கண்ணாடியில் படுமளவுக்குப் போனாள்.

"இறகுக்கு நம்பர் போட்டிருக்கே."

"அதைக் கேளுங்க. அஞ்சு இறகுக்குப் பதினொண்ணுல இருந்து நம்பர். முதல் பத்து இறகு வேற பேப்பர்ல வரும்னு ரெண்டு நாள் வேலையை நிறுத்தி வெச்சுக் காத்திருந்தேன். வரல. இடது பக்க நாரைக்கு இருபத்தொண்ணுல ஆரம்பிக்குது. நடுவுல நாலஞ்சு நம்பர் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தூக்கம் இல்ல."

அண்ணி மெதுவாகத் திரும்பினாள். கமாவைப் பார்த்தாள். அவன் முகத்தை அல்ல, தாடையை.

"தம்பி, வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னா திறங்க."

திறந்தான். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் அவனுடைய வாயைப் படித்தாள். ஆம், படித்தாள். அச்சுத்தாளில் வரிவரியாகப் போவதுபோல மேல்வரிசையில் வலமிருந்து இடம் போனாள்.

"மூடிக்கங்க," என்றாள். "நாலரைக்கு உங்களுக்கு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் இருக்குல்ல?"

"அண்ணி, ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகப்போறான். என் பல்லா இப்ப முக்கியம்?"

"உங்க பல்லுதான் இப்ப முக்கியம்," என்று சொல்லிவிட்டு, ஜெராக்ஸிடம் ஒரு பிளேடு வாங்கி, நாரைகளை ஜன்னலிலிருந்து உரித்தெடுத்தாள்.

வழி முழுக்கக் கமா என்னவென்று கேட்டான். அவள் சொல்லவில்லை. பிழையைக் கண்டுபிடித்தால் முதலில் ஓரத்தில் குறி போட வேண்டும், பேசுவது பிறகு என்பது அவளுடைய அச்சக ஒழுக்கம். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து, "முன்னால பாத்து ஓட்டுங்க," என்றாள். அவ்வளவுதான்.

*

நாலு நாற்பதுக்குக் கமாவின் முகத்தில் வலது பாதி காணாமல் போனது. ஊசி நன்றாக வேலை செய்தது. உதடு யாருடையதோ, நாக்கு யாருடையதோ. வாய்க்குள் பஞ்சு உருண்டைகளும், எச்சிலை உறிஞ்சுகிற குழாயும். டாக்டர் மெல்லிய பாட்டொன்றை முனகிக்கொண்டே நாற்பத்தாறைத் திறந்தார்.

திறந்திருந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், பெட்ரோல் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம். பெட்ரோல் நின்றுகொண்டிருந்தார், கையைக் கழுவித்தான் வந்திருந்தார், ஆனால் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. வாசலில் அவருடைய நாரை 250, துடைத்து நிறுத்தியபடி.

அண்ணி தன் பாட்டுக்கு உள்ளே வந்தாள். கையில் சுருட்டிய காகிதம். எக்ஸ்ரே படங்களைச் செருகிப் பார்க்கிற விளக்குப் பெட்டி சுவரில் இருந்தது. அதில் வலது பக்க நாரையைச் செருகி, ஸ்விட்சைப் போட்டாள். டாக்டருக்கு முதுகு அந்தப் பக்கம். சிஸ்டர் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

சிஸ்டர் ஈரக்கையோடு ஒரு பார்வை பார்த்தாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிற அதே குரலில் ஒப்பித்தாள்.

"மேல் வலது. பதினொண்ணு, கலர் ஏ-ரெண்டு. பன்னண்டு, ஏ-மூணு. பதிமூணு மிஸ்ஸிங். பதினாலு, ஏ-மூணு. பதினஞ்சு, பி-ரெண்டு." பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா இது, பல்லுக்கு இறக்கை முளைச்சிருக்கு?"

டாக்டரின் பாட்டு நின்றது. கமாவின் வாய்க்குள் கருவியும் நின்றது. அவர் திரும்பிப் பார்த்த வேகத்தில் முகம் மாஸ்க்கைவிட வெளுத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் கதவுக்கு வந்துவிட்டார். "என்னம்மா, அஞ்சு இறகுக்குப் பதிமூணாம் நம்பரா?"

"சார், மெக்கானிக்கை விட்டு எண்ணச் சொன்னா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவார். நீங்களும் நானும் அப்படித்தான். வலது பக்கம் பதினொண்ணு, இடது பக்கம் இருபத்தொண்ணுன்னு ஆரம்பிக்கறவங்க ஒரே சாதி. மஞ்சள் நிறத்துக்கு ஏ-ரெண்டு, ஏ-மூணுன்னு பேர் வைக்கறதும் அவங்கதான். தேய்ஞ்சுபோன இறகுக்கு மேல பெருக்கல் குறி போட்டிருக்கு பாருங்க. காலையில எங்க தம்பியோட இல்லாத பல்லுக்கு இதே குறிதான் போட்டாங்க. ஸ்டிக்கர் வெட்ட இந்தப் பேப்பரைப் பெட்ரோல் பேர்ல அனுப்பினது பெட்ரோல் இல்ல. டேங்கை மாத்தினதுக்கு அப்புறம்தான் போர்வை சுத்தி அவர்கிட்ட கொடுத்திருக்கு."

பெட்ரோல் இன்னும் அந்தக் கையெழுத்துக் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் பேனாவோடு.

டாக்டர் மாஸ்க்கை இறக்கினார். அந்தப் பளீர்ச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "சரி, நான்தான் வரைஞ்சேன். என் டேங்க், நான் அச்சு எடுத்து வெச்சுக்கிட்டேன், பத்திரத்துக்கு. அது போர்வைக்குள்ளதான் இருந்துச்சு. அதை இவன் திருடி ஸ்டிக்கருக்கு அனுப்பியிருப்பான். சார், கதை நல்லா இருக்கு. ஆனா என் ஒரிஜினல் டேங்க் எங்க? அது என்கிட்ட இருந்தாத்தானே நான் குத்தவாளி?"

இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி முதல்முறையாகத் தரையைப் பார்த்தாள். சுவர்க்கடிகாரத்தில் ஐந்துக்கு ஆறு நிமிஷம் இருந்தது.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த கமாவுக்கு அந்த நேரத்தில்தான் காலைப் பட்டியல் நினைவுக்கு வந்தது. வேகத்தடை, வெயில், மூன்று சலவைக் கடை, அதற்கெல்லாம் முன்னால் ஒரு ஏப்ரன். ஆளுக்குப் போடாமல் எதற்கோ போர்த்தியிருந்த ஏப்ரன். எடுக்கக்கூடாத ஏப்ரன்.

"ஏப்பா," என்றான்.

"வலிக்குதாப்பா? கொஞ்சம் பொறுத்துக்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏப்பாங். ஏக்கே. ஏக்கே ஊம்."

"பாவம், மரத்துப்போச்சு," என்றாள் சிஸ்டர்.

வாழ்நாள் முழுக்கத் தேவையில்லாத இடத்திலெல்லாம் பேசியாயிற்று. தேவைப்பட்ட ஒரே நிமிஷத்தில் வாய், வாடகைக்கு விட்ட வீடு மாதிரி அடுத்தவர் சாமான்களால் நிறைந்திருந்தது. கமா எழுந்தான். கழுத்தில் நீலத் துண்டு, உதட்டோரம் உறிஞ்சுகுழல். குழல் எட்டும் தூரம்வரை போனான். பிறகு அது தானாகக் கழன்று தரையில் கிடந்து கொர் கொர்ரென்று காற்றை உறிஞ்சியது. எக்ஸ்ரே அறைக்குள் போய், எக்கி, அந்தக் கனத்த ஏப்ரனை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

மேல்தட்டில் சிவப்பாக ஒரு டேங்க் உட்கார்ந்திருந்தது. வலது பக்கம் அவர்களைப் பார்த்தபடி. பழுத்த மஞ்சளில் ஒரு நாரை. மூன்றாவது இறகு இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு தெரியுமளவுக்கு ஒரு தேய்மானம்.

இன்ஸ்பெக்டர் வந்து நாரையின் ஓரத்தில் நகத்தை வைத்தார். இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. எங்கேயும் தட்டவில்லை.

"ஒரிஜினலை விக்க மனசு வரலை போல," என்றாள் அண்ணி. "ரெண்டு வண்டியும் வேணும், ரெண்டு டேங்கும் வேணும்."

டாக்டர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் முகத்திலேயே வைத்திருந்தார்.

பெட்ரோல் பேனாவை மூடி ஹால் மேஜைமேல் வைத்தார். டேங்குக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, "தொடலாமா?" என்று யாரையென்று இல்லாமல் கேட்டார். தொடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்ன பிறகுதான் தொட்டார். பிறகு வெளியே போய் வீட்டுக்கு ஃபோன் போட்டார். "அவுத்துப் பாத்தாச்சு," என்று அவர் சொல்வது ஹால்வரை கேட்டது.

டாக்டரை அழைத்துக்கொண்டு போனார்கள். கதவருகில் அவர் ஒரு கணம் நின்று திரும்பினார். ஏதோ பெரிய வாக்குமூலம் வரப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அந்த நாப்பத்தாறைத் திறந்து அப்படியே விடக்கூடாது. இன்னிக்கே மூடணும்," என்றார்.

மூடத் தெரிந்த ஒரே ஆள் ஜீப்பில் ஏறினார்.

கமா பஞ்சு அடைத்த வாயோடு ஹால் நடுவில் நின்றான். சொல்வதற்கு அவனிடம் பதினோரு நல்ல ஜோக்குகள் இருந்தன. எல்லாமே இந்த நிமிஷத்துக்கென்று பிறந்தவை, நாளைக்குச் சொன்னால் செத்துப்போகும். அவன் அண்ணியின் கையைத் தட்டினான். வாயைக் காட்டினான். கைகளை ஆட்டினான்.

"ஏதாவது சொல்லணுமா தம்பி?"

"ஊங்."

அண்ணி நாரைக் காகிதங்களைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டாள்.

"சொல்லாதீங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு பிழைகூட இல்லாம பேசியிருக்கீங்க."